பிரிட்டன் ஆன்லைன் கேசினோக்கள்: கணக்குத் திறக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்

பிரிட்டனில் லைசென்ஸ் உள்ள ஆன்லைன் கேசினோக்கள் நான்கைத் திறந்து பார்த்தால் முதலில் வித்தியாசமே தெரியாது. அதே ஸ்டார்பர்ஸ்ட், அதே புக் ஆஃப் டெட் என்ற ஸ்லாட் (சின்னங்கள் சுழலும் இயந்திர) விளையாட்டுகள், எவல்யூஷன் நிறுவனத்தின் அதே லைவ் ரூலெட் மேசை. விளையாட்டுகளைத் தயாரிப்பவர்கள் வேறு, கேசினோ வேறு. எல்லோரும் ஏறக்குறைய ஒரே கூடத்திலிருந்து சரக்கெடுத்து விற்கிறார்கள். மாறுவது நிறம், பெயர், மேலே ஓடும் வரவேற்பு போனஸ் ஆகியவைதான். ஒப்பிடும்போது அந்த போனஸைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பணம் எப்படிப் போகும், எப்படித் திரும்பி வரும் என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது.

இந்த அலசல் பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடைசெய்யும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல் 2025 ஆகஸ்டில் இந்திய அரசு கொண்டுவந்த சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கவே தடை செய்கிறது. ‘இந்தியாவில் சட்டப்படி இயங்கும் கேசினோ, ரூபாயில் டெபாசிட்’ என்று வரும் விளம்பரம் எதுவாக இருந்தாலும் நம்பாதீர்கள். அங்கிருந்து ஒப்பிடுவதற்கு ஒன்றுமில்லை.

முதல் வேலை லைசென்ஸ். தளத்தின் அடிப்பகுதியில் நடத்தும் கம்பெனியின் பெயரும், பிரிட்டனின் சூதாட்டக் கட்டுப்பாட்டு அமைப்பான கேம்பிளிங் கமிஷன் கொடுத்த கணக்கு எண்ணும் இருக்க வேண்டும். எண் இருப்பதைப் பார்த்தவுடன் திருப்திப்பட்டுவிடாதீர்கள். வேறு கம்பெனியின் எண்ணை எடுத்து ஒட்டிக்கொள்ளும் போலித் தளங்கள் உண்டு. கமிஷனின் இணையதளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. அதில் அந்த எண்ணைத் தேடி, கம்பெனியின் பக்கத்தில் டொமைன் பெயர்களின் பட்டியலைத் திறக்க வேண்டும். உங்கள் பிரவுசரின் முகவரிப் பட்டையில் இருக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து அந்தப் பட்டியலில் இருக்கிறதா, ‘ஆக்டிவ்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கோடு, ஓர் எழுத்து கூடுதலாக இருந்தாலும் அது வேறு தளம். இரண்டு நிமிட வேலை, ஆனால் பலர் செய்வதில்லை.

அதே பக்கத்தில் அந்தக் கம்பெனி மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளும் வரும். பெரிய பெயர் என்றால் சுத்தம் என்று எண்ண வேண்டாம்: 2022 ஆகஸ்டில் என்டெய்ன் குழுமம் 1.7 கோடி பவுண்டு கட்டியது, 2023 மார்ச்சில் வில்லியம் ஹில் குழுமம் 1.92 கோடி பவுண்டு கட்டியது. இரண்டும் வாடிக்கையாளர் பாதுகாப்பிலும் கறுப்புப் பணத் தடுப்பிலும் கோட்டைவிட்டதற்காக. அபராதம் கட்டிய கடையை ஒதுக்கச் சொல்லவில்லை. அப்படி ஒதுக்கினால் பெரிய கடைகள் அதிகம் மிஞ்சாது. எதற்காகக் கட்டினார்கள், எப்போது, மறுபடியும் அதே தவறா என்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பதிவேட்டைப் பார்க்கும்போது இன்னொன்றும் வெளிப்படும். ஒரே கம்பெனியின் கீழ் டஜன் கணக்கில் தளங்கள் இருக்கும். இவற்றைத்தான் ஒயிட் லேபிள் என்கிறார்கள்: லைசென்ஸ், மென்பொருள், கஸ்டமர் சர்வீஸ், பணப் பட்டுவாடா எல்லாம் ஒருவருடையது, பெயரும் படமும் மட்டும் வேறு வேறு ஆட்களுடையது. ஒரு தளத்தில் பணம் எடுக்கக் கட்டணம் என்றால், அதன் சகோதரத் தளங்களிலும் பெரும்பாலும் அதேதான் இருக்கும். ‘அங்கே சரியில்லை, இங்கே சேருவோம்’ என்று நினைத்து அதே கல்லாவுக்குத் திரும்பவும் போகிறவர்கள் நிறைய. இரண்டு தளங்களை ஒப்பிடுவதற்கு முன் இரண்டும் ஒரே ஆளுடையதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மால்டா லைசென்ஸ், குராசோ லைசென்ஸ், அஞ்சுவான் லைசென்ஸ் என்று வேறு முத்திரைகளும் கண்ணில் படும். மால்டாவின் கட்டுப்பாடு கறாரானதுதான். குராசோவில் பல ஆண்டுகள் நான்கு மூல லைசென்ஸ்களை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு உள்வாடகை விட்ட கதை நடந்தது. 2024 டிசம்பரில்தான் புதுச் சட்டம் வந்தது. ஆனால் பிரிட்டனில் இருப்பவருக்கு இந்தத் தரவரிசையே தேவையில்லை. பிரிட்டன் வாடிக்கையாளருக்கு ஆன்லைன் கேசினோ நடத்த கேம்பிளிங் கமிஷனின் லைசென்ஸ் கட்டாயம். அது இல்லாமல் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் கடை, சேரும்போதே ஒரு சட்டத்தை மீறியாகிவிட்டது. பணம் தராமல் இழுத்தடித்தால் முறையிட உங்களுக்கு இடமும் இருக்காது.

அடுத்து ஆர்டிபி. பந்தயமாக வைக்கப்படும் மொத்தத் தொகையில் நீண்டகாலச் சராசரியில் ஆடுபவர்களுக்குத் திரும்பும் சதவீதம் இது. பெரும்பாலான ஒப்பீட்டுக் கட்டுரைகள் கோட்டைவிடும் இடமும் இதுதான். ‘புக் ஆஃப் டெட், ஆர்டிபி 96.21%’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த ஸ்லாட்டைத் தயாரிக்கும் பிளேன் கோ நிறுவனம் அதைப் பல ரகங்களில் தருகிறது: 96.21, 94.25, 91.25, 87.25 என்று இறங்கிக்கொண்டே போகும். எந்த ரகத்தைப் போடுவது என்பது கேசினோவின் விருப்பம். படம், இசை, சின்னங்கள் எல்லாம் ஒன்றே. திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிராக்மாடிக் பிளே நிறுவனத்தின் கேட்ஸ் ஆஃப் ஒலிம்பஸும் அப்படித்தான்: 96.5, 95.5, 94.5 என்று மூன்று ரகங்கள்.

ஒரு சதவீதம் இரண்டு சதவீதத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பின்னுக்கு 20 பென்ஸ், நிமிடத்துக்கு 10 ஸ்பின் என்று நிதானமாக ஆடினாலும் ஒரு மணி நேரத்தில் 600 ஸ்பின், அதாவது 120 பவுண்டு பந்தயம். 96.21% ரகத்தில் அந்த ஒரு மணி நேரத்தின் சராசரிச் செலவு ஏறக்குறைய 4.55 பவுண்டு. 94.25% என்றால் 6.90. 91.25% என்றால் 10.50. ஒரே ஸ்லாட்டுக்கு ஒரு கடையில் இரண்டு மடங்குக்கு மேல் விலை. சராசரி என்பதால் ஒரே மாலையில் இது அப்படியே தெரியாது; ஒருநாள் 60 பவுண்டு வரும், இன்னொரு நாள் அரை மணியில் எல்லாம் போகும். தெரியாது என்பதால்தான் கடைக்காரருக்குக் குறைந்த ரகத்தைப் போடும் தைரியம்.

எங்கே பார்ப்பது? விளையாட்டைத் திறந்து, மூலையில் உள்ள கேள்விக்குறியையோ மூன்று கோடு மெனுவையோ தொட்டு, விதிகள் பக்கத்தின் கடைசிவரை போக வேண்டும். ஆர்டிபியையோ கேசினோவின் பங்கையோ ஆடுபவர் எளிதாகப் பார்க்கும்படி வைப்பது பிரிட்டனில் கட்டாயம், ஆகவே எண் அங்கே இருக்கும். கேசினோவின் பொதுவான ‘கேம் இன்ஃபோ’ பக்கத்தில் ‘94.25 முதல் 96.21 வரை’ என்று வரம்பு மட்டும் போட்டிருந்தால் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; விளையாட்டுக்குள் இருப்பதுதான் நீங்கள் ஆடப்போகும் ரகம். வயது சரிபார்ப்பு முடியாமல் இலவச டெமோவைக்கூடக் காட்டக்கூடாது என்பது விதி. அதனால் கணக்குத் திறந்த பிறகு, டெபாசிட் போடுவதற்கு முன்பு பார்ப்பதுதான் நடைமுறை. உங்களுக்குப் பிடித்த மூன்று ஸ்லாட்டுகளை எடுத்து ஒவ்வொரு கடையிலும் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டால், ஒப்பீட்டின் பாதி முடிந்தது. ஆன்லைன் கேசினோக்களின் மீதான வரி 2026 ஏப்ரலில் 21 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக ஏறியிருக்கிறது. அந்தச் சுமை எந்த வழியாக உங்கள் தலையில் இறங்கும் என்று யோசித்தால், குறைந்த ஆர்டிபி ரகம்தான் சத்தமில்லாத வழி. பழைய எண்ணை நம்பி இருக்காமல் அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும்.

மேசை விளையாட்டுகளில் சூட்சுமம் வேறு. ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள ஐரோப்பிய ரூலெட்டில் கேசினோவின் பங்கு 2.70%, இரட்டைப் பூஜ்ஜியம் உள்ள அமெரிக்க ரூலெட்டில் 5.26%. இரண்டும் ஒரே லாபியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பூஜ்ஜியம் விழுந்தால் சிவப்பு-கறுப்பு போன்ற சமப் பந்தயங்களில் பாதியைத் திருப்பித்தரும் பிரெஞ்சு ரூலெட் கிடைத்தால் அந்தப் பந்தயங்களில் 1.35% தான். லைட்னிங் ரூலெட்டில் ஒற்றை எண்ணுக்கு 35 மடங்குக்குப் பதில் 29 மடங்கு. அந்தச் சுற்றில் குலுக்கலில் தேர்வாகும் எண்களுக்குத் தரும் ‘மின்னல்’ பெருக்கம் விழுந்தால்தான் அதற்கு மேல். பிளாக்ஜாக்கில் முதல் இரண்டு சீட்டில் பிளாக்ஜாக் வந்தால் 3-க்கு-2 கொடுக்கிறார்களா, 6-க்கு-5 கொடுக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது மேசை ஏறக்குறைய 1.4 சதவீதத்தைக் கூடுதலாக விழுங்கும். பக்காராவில் ‘டை’ (இரு பக்கமும் சமம்) பந்தயத்தில் கேசினோவின் பங்கு 14 சதவீதத்துக்கு மேல். எந்தக் கடையில் ஆடினாலும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வேகத்தையும் பந்தய அளவையும் கடைக்குக் கடை ஒப்பிட வேண்டியதில்லை. சட்டமே நிர்ணயித்துவிட்டது. ஸ்லாட் ஸ்பின் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 2.5 வினாடி, தானாகச் சுழலும் ஆட்டோபிளே கிடையாது, 25 வயது முதல் ஸ்பின்னுக்கு அதிகபட்சம் 5 பவுண்டு, 18 முதல் 24 வரை 2 பவுண்டு. 2025இல் வந்த இந்த உச்சவரம்பை மீறி 50 பவுண்டு ஸ்பின் தரும் தளம் கண்ணில் பட்டால், அது லைசென்ஸ் இல்லாத கடை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். கிரெடிட் கார்டு வாங்கினாலும் அப்படியே. 2020 ஏப்ரலிலிருந்து அது தடை.

இப்போது போனஸுக்கு வரலாம். ‘100 பவுண்டு போட்டால் 100 பவுண்டு இலவசம்’ என்பதில் இலவசத்தின் விலை வேஜரிங்கில் இருக்கிறது. அதாவது போனஸ் தொகையை எத்தனை தடவை பந்தயமாக உருட்டிய பிறகு எடுக்க விடுவார்கள் என்ற எண். 35 மடங்கு இருந்த காலத்தில் 100 பவுண்டு போனஸுக்கு 3,500 பவுண்டு உருட்ட வேண்டும். 96% ஸ்லாட்டில் அதன் சராசரிச் செலவு 140 பவுண்டு. இலவசமாக வந்த 100ஐ எடுக்க 140 செலவு. 2026 ஜனவரி 19 முதல் கமிஷன் இதை 10 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. இப்போது 1,000 பவுண்டு உருட்டினால் போதும். 96% ஸ்லாட்டில் செலவு 40, கையில் சராசரியாக 60 நிற்கும். அதே 1,000ஐ 91.25% ரகத்தில் உருட்டினால் செலவு 87.50, நிற்பது 12.50. ஆகவே ஆர்டிபி தெரியாமல் போனஸை ஒப்பிடவே முடியாது. இன்னும் 35, 40 மடங்கு என்று எழுதியிருக்கும் தளம் பிரிட்டன் லைசென்ஸில் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மடங்கு குறைந்ததால் மற்ற நிபந்தனைகளில் கண் வையுங்கள். போனஸிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்ற உச்சவரம்பு உண்டா? எத்தனை நாளில் முடிக்க வேண்டும்? எந்த ஸ்லாட்டுகள் விலக்கு? போனஸ் ஓடும்போது ஒரு ஸ்பின்னுக்கு எவ்வளவு வரை வைக்கலாம்? கடைசியில் சொன்னதைத் தெரியாமல் ஒருமுறை மீறினாலும் ஜெயித்த தொகை மொத்தத்தையும் ரத்து செய்யும் விதி பல இடங்களில் இருக்கிறது. ஸ்க்ரில், நெடெல்லர் போன்ற இணையப் பணப்பைகள் வழியாகப் போட்டால் போனஸ் கிடையாது என்பதும் சகஜம். எல்லாவற்றையும்விட முக்கியம், சொந்தப் பணம் முதலில் கரைகிறதா, போனஸ் முதலில் கரைகிறதா என்பது. சொந்தப் பணம் முதலில் என்றால், அது இருக்கும்போதே ஜெயித்தால் போனஸை உதறிவிட்டுப் பணத்தோடு வெளியேறலாம். போனஸை ஏற்றுக்கொண்டதற்காக உங்கள் சொந்தப் பணத்தைப் பிடித்துவைக்கக் கூடாது என்பது 2018இல் போட்டி ஆணையம் எடுத்த நடவடிக்கைக்குப் பிறகு பொது நடைமுறை.

வேஜரிங்கே இல்லாத தளங்கள் இந்தக் கணக்கையெல்லாம் மிச்சப்படுத்துகின்றன. பிளேஓஜோவும் மிஸ்டர் க்யூவும் இதையே தங்கள் அடையாளமாக வைத்திருக்கின்றன: ஸ்பின்னில் விழுவது நேரடியாகப் பணமாகச் சேரும். விளம்பரத்தில் தொகை சிறிதாகத்தான் தெரியும். ஆனால் 10 மடங்கு உருட்ட வேண்டிய 50 பவுண்டைவிட, உருட்டத் தேவையில்லாத 50 ஸ்பின் எவ்வளவு மதிப்பு என்பது தெளிவாகக் கணக்கிடக்கூடியது: ஸ்பின் 10 பென்ஸ் என்றால் 5 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து பவுண்டு என்று தெரிந்தே வாங்கும் ஐந்து பவுண்டு நல்ல போனஸ்தான்.

பணம் எடுக்கும் இடத்தில்தான் கடையின் குணம் தெரியும். ‘உடனடி வித்ட்ராயல்’ என்ற வாசகத்தில் இரண்டு காலங்கள் ஒளிந்திருக்கின்றன: கேசினோ உங்கள் கோரிக்கையை ஒப்புக்கொள்ள எடுக்கும் நேரம், அதன் பிறகு வங்கியோ பேபாலோ எடுக்கும் நேரம். விளம்பரம் இரண்டாவதைப் பற்றித்தான் பேசும். விசா டெபிட் கார்டுக்கு உடனடிப் பட்டுவாடா வசதி இருந்தால் ஒப்புதலுக்குப் பிறகு சில நிமிடங்களிலேயே வந்துவிடும். ஒப்புதலுக்கே மூன்று வேலை நாள் என்றால் அந்த வேகத்தால் பயனில்லை. நிபந்தனைகளில் ‘பெண்டிங்’ காலம் எவ்வளவு, சனி ஞாயிறில் வேலை நடக்கிறதா, குறைந்தபட்சத் தொகை என்ன, ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டா என்று பாருங்கள். 10 பவுண்டு எடுக்க 2.50 கட்டணம் என்றால் அது கால்வாசி. எடுக்கக் கேட்ட பணத்தை மனம் மாறித் திரும்பவும் விளையாட்டில் போடும் வசதி முன்பு இருந்தது. 2021 அக்டோபரில் அதைத் தடைசெய்துவிட்டார்கள். நல்ல காரியம்.

கேசினோவின் அடையாளச் சரிபார்ப்பில் தமிழர்கள் தனியாக ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தந்தை பெயர் முன்னாலா பின்னாலா, இனிஷியலா முழுப் பெயரா என்பதில் நம் ஆவணங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது அபூர்வம். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் ‘சர்நேம்’ கட்டத்தில், வங்கி அட்டையில் இனிஷியல், கரண்ட் பில்லில் இரண்டும் இடம் மாறி. கேசினோ முதலில் கணினி வழியே வாக்காளர் பட்டியலோடும் கடன் தகவல் நிறுவனங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் ஆவணம் கேட்கும். கணக்குத் திறக்கும்போது வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடாமல், எந்த வங்கி அட்டையைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அந்த வங்கிக்குக் கொடுத்த முழுப் பெயரை பாஸ்போர்ட் வரிசையில் போடுங்கள். கணவர் அட்டையில் மனைவி கணக்கு, அண்ணன் அட்டையில் தம்பி கணக்கு எதுவும் செல்லாது. ஜெயித்த பணம் முடங்குவதற்கு நேர்வழி அதுதான். புதிதாக வந்த மாணவர்களுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்காது, ஆகவே பாஸ்போர்ட்டும் மூன்று மாதத்துக்குள் வந்த வங்கி ஸ்டேட்மெண்டும் தயாராக இருக்கட்டும்.

வயதையும் அடையாளத்தையும் ஆடவிடுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும் என்பது 2019இலிருந்து விதி. அதனால் ‘முதலில் ஆடுங்கள், எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று சேர்த்துக்கொள்ளும் கடையைத் தவிருங்கள். ஆனால் தொகை கூடும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று சம்பளச் சீட்டு கேட்பது வேறு. அது எல்லாக் கடையிலும் வரும், அதற்காக ஒரு கடைக்கு மார்க் குறைக்க வேண்டாம்.

கடை மூழ்கினால்? அடிப்பகுதியிலோ நிபந்தனைகளிலோ வாடிக்கையாளர் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு என்று எழுதியிருக்க வேண்டும். மூன்று நிலை உண்டு: பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்ந்தது. உயர்ந்தது என்றால் பணம் தனி டிரஸ்ட் கணக்கில், வெளியார் கண்காணிப்பில் இருக்கிறது. ‘இல்லை’ என்று எழுதிவைத்தே சட்டப்படி கடை நடத்தலாம். 2021 மார்ச்சில் ஃபுட்பால் இண்டெக்ஸ் என்ற பந்தயத் தளம் கவிழ்ந்தபோது அதற்கும் கேம்பிளிங் கமிஷன் லைசென்ஸ் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கணக்கில் பணத்தைச் சேர்த்துவைக்கும் பழக்கம் வராது.

இனி ‘டாப் 10 கேசினோ’ பட்டியல்கள். அவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் அஃபிலியேட்டுகள். நீங்கள் அவர்கள் லிங்க் வழியாகச் சேர்ந்தால் ஆளுக்கு இவ்வளவு என்றோ, நீங்கள் தோற்பதில் ஒரு பங்கு என்றோ கமிஷன் வாங்குபவர்கள். எல்லாத் தளத்துக்கும் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்கும் பட்டியலில் தகவல் ஒன்றுமில்லை. ஆர்டிபி ரகத்தை எழுதாத, வித்ட்ராயல் கட்டணத்தை எழுதாத பட்டியலும் அப்படியே. ‘கேம்ஸ்டாப்பில் இல்லாத தளங்கள்’ என்று தனித் தலைப்பு வைத்திருந்தால் பக்கத்தையே மூடிவிடுங்கள். அது லைசென்ஸ் இல்லாத கடைகளின் பட்டியல்; ஆடுவதை நிறுத்த வேண்டும் என்று கேம்ஸ்டாப் பதிவேட்டில் தாங்களே பெயர் கொடுத்தவர்களைத் தேடிப் பிடிக்கும் வலை.

எல்லாம் பார்த்து இரண்டு கடை மிஞ்சினால் டெபாசிட்டுக்கு முன் லைவ் சாட்டில் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த ஸ்லாட்டின் ஆர்டிபி எந்த ரகம், வித்ட்ராயல் ஒப்புதலுக்கு எத்தனை மணி நேரம், என் புகாரை நீங்கள் தீர்க்காவிட்டால் எந்த அமைப்புக்குப் போவது. மூன்றாவதுக்கு ஐபாஸ் என்றோ ஈகோக்ரா என்றோ ஒரு பெயர் உடனே வர வேண்டும்; கடை எட்டு வாரத்தில் தீர்க்காவிட்டால் செலவில்லாமல் அங்கே போகலாம். பிறகு போனஸ் வேண்டாம் என்று குறித்துவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் போட்டு, கொஞ்சம் ஆடி, மிச்சத்தை எடுத்துப் பாருங்கள். போட்ட தொகையை ஒருமுறையாவது ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை சில இடங்களில் உண்டு. பணம் வந்து சேர்ந்த நேரம்தான் அந்தக் கடையைப் பற்றிய நம்பகமான விமர்சனம்.

நமது தீர்ப்பு: அவ்வப்போது 10, 20 பவுண்டுக்கு ஸ்லாட் ஆடுபவருக்கு வேஜரிங் இல்லாத தளம், அதுவும் 96 சதவீத ரகம் வைத்திருப்பது. ரூலெட், பிளாக்ஜாக் பக்கம் போகிறவருக்கு போனஸே தேவையில்லை. பணத்தை வேகமாகத் தரும் பெரிய கடை போதும். வித்ட்ராயலுக்குக் கட்டணம் வாங்கும் ஒயிட் லேபிள்களை யாருக்கும் பரிந்துரைக்க முடியவில்லை.

2025 அக்டோபர் இறுதியிலிருந்து முதல் டெபாசிட்டுக்கு முன்பே ஒரு பண வரம்பு வைக்கச் சொல்லித் தளமே கேட்கும். அந்தக் கட்டத்தைத் தாவிச் செல்லாமல், மேலே போட்ட மணிக்கணக்கை வைத்து மாதத்துக்கு ஒரு தொகையை எழுதுங்கள். வரம்பு போதவில்லை என்று தோன்ற ஆரம்பித்தால் கேம்ஸ்டாப்பில் ஒருமுறை பதிந்தால் லைசென்ஸ் உள்ள எல்லாத் தளமும் ஒரே சமயத்தில் மூடும்: ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று தேர்வு உண்டு, இடையில் ரத்து செய்ய முடியாது, காலம் முடிந்தாலும் நீங்களாகக் கேட்காமல் திறக்காது. பல வங்கி ஆப்களில் சூதாட்டச் செலவைத் தடுக்கும் பொத்தானும் இருக்கிறது. பேச வேண்டுமென்றால் தேசிய சூதாட்ட உதவி எண் 0808 8020 133, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம்.